7. செஞ்சிக்குப் போகிறவர் பையில் எந்த லென்ஸ்

திண்டிவனத்தில் பஸ் ஏறி செஞ்சிக்கு வருகிறவர்களைப் பலமுறை கவனித்திருக்கிறேன். ஊர் நெருங்கும்போது வயல்களுக்கு அப்பால் மலைகள் எழும்பும். சன்னலோரத்தில் இருப்பவர்கள் கேமராவை எடுப்பார்கள். எடுத்த படத்தைப் பார்த்ததும் முகம் வாடிவிடும். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த ராஜகிரி, படத்தில் வயலுக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கூழாங்கல்லாகக் கிடக்கும். கேமரா சரியில்லை என்று சொல்லி உள்ளே வைத்துவிடுவார்கள். கேமராவில் ஒரு குறையும் இல்லை. அதன் முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸ் அந்த வேலைக்கு உரியது இல்லை, அவ்வளவுதான்.

லென்ஸ் தேர்வைப் பொதுப்படையாகப் பேசினால் படிக்கும்போது எல்லாம் சரியாகத் தோன்றும். கடையில் போய் நிற்கும்போது ஒன்றும் நினைவுக்கு வராது. அதனால் இந்த அத்தியாயத்தை ஓர் இடத்தை வைத்தே எழுதுகிறேன். ஒரு லென்ஸிடம் எதையெல்லாம் கேட்க முடியுமோ அதையெல்லாம் செஞ்சிக் கோட்டை ஒரே நாளில் கேட்டுவிடும். தொலைவு, நெருக்கமான முற்றம், களஞ்சியத்தின் இருட்டு, உச்சி வெயில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சோதனை. 2025 ஜூலையில் 12 மராட்டியக் கோட்டைகள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன; தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். கேமராவோடு வருகிறவர்கள் இனி கூடத்தான் செய்வார்கள். எல்லோரும் ஒரே படத்தை எடுத்துக்கொண்டு திரும்பக் கூடாது என்பது என் ஆசை.

முதலில் தூரம்

சின்ன மிரர்லெஸ் கேமராக்களில் இரண்டு அளவு சென்சார்கள் அதிகம் புழங்குகின்றன. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3-க்கு 13 மில்லிமீட்டர். 2008-ல் பானசோனிக் கொண்டுவந்த ஜி1 இந்த வகையின் முதல் கேமரா. அடுத்த ஆண்டு ஒலிம்பஸ் சேர்ந்துகொண்டது. சோனி, ஃபியூஜி, நிக்கான் சின்னக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5-க்கு 15.6, கேனானில் இன்னும் கொஞ்சம் சிறியது. பிலிம் காலத்துக் கணக்கில் யோசித்துப் பழகியவர்கள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் லென்ஸின் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், ஏபிஎஸ்-சி என்றால் ஒன்றரையால். நான் வைத்திருப்பது முதல் வகை. கீழே வரும் எண்கள் அதற்கானவை.

ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். சென்சாரின் அகலத்தை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்குங்கள். படத்தில் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது வந்துவிடும். 100 மி.மீ. லென்ஸை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் திருப்பினால் 173 மீட்டர். உயரம் வேண்டுமானால் 17.3-க்குப் பதிலாக 13-ஐப் போடுங்கள். இப்போது ராஜகிரிக்கு வருவோம். தரையிலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று, கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 12 மி.மீ. முனையில் எடுத்தால் படத்தின் உயரத்தில் 2,167 மீட்டர் அடங்குகிறது. மலைக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு. அதே இடத்தில் 70 மி.மீ. போட்டால் படத்தின் உயரம் 371 மீட்டர். மலை மூன்றில் இரண்டு பங்கை நிறைக்கும். பஸ் சன்னலில் முகம் வாடியதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

எனவே கிட் லென்ஸுக்கு அடுத்து வாங்க வேண்டியது சின்ன டெலி ஜூம் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலானவர்கள் மலைக்கோட்டை என்றதும் அகல லென்ஸைத் தேடுகிறார்கள். பெரிய இடத்துக்குப் பெரிய அகலம் வேண்டும் என்று மனம் சொல்லும். ஆனால் அகல லென்ஸ் காலடியில் இருக்கும் புல்லைப் பெரிதாக்கி, தொலைவில் இருக்கும் மலையைச் சின்னதாக்கிவிடும். செஞ்சி ஒற்றை மலைக் கோட்டை இல்லை. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றையும் முக்கோணமாக இணைத்து ஏறி இறங்கும் மதில் சுமார் 13 கிலோமீட்டர். இந்த மூன்றுக்கும் உள்ள உறவு தள்ளி நின்றால்தான் பிடிபடும். சுல்ஃபிகர் கான் தலைமையில் மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டு கிடந்தது. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். அத்தனை ஆண்டுகள் அந்தப் படை பார்த்துக்கொண்டிருந்த செஞ்சியைத்தான் டெலி லென்ஸ் காட்டும்: ஒரு சரிவின் பின்னால் இன்னொரு சரிவு, இடையில் கோடு போட்டது போல மதில்.

டெலி லென்ஸ் மலைகளை நெருக்கிக் காட்டும் என்பார்கள். நெருக்குவது நீங்கள் நிற்கும் தூரம். தொலைவில் நின்றால் கிருஷ்ணகிரிக்கும் ராஜகிரிக்கும் இடைவெளி கண்ணுக்கே குறைந்துதான் தெரியும். லென்ஸ் அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கொடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், ஜூமைத் திருகுவதற்கு முன்னால் காலை நகர்த்தத் தோன்றும்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸின் 40-150 எஃப் 4-5.6 லென்ஸ் 190 கிராம். பானசோனிக்கின் 35-100 எஃப் 4-5.6 இன்னும் சிறியது, 135 கிராம். ஒரு தம்ளருக்குள் அடங்கிவிடும். ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்களுக்கு சோனி 55-210 345 கிராம், கேனான் ஆர்எஃப்-எஸ் 55-210 270 கிராம், நிக்கான் இசட் 50-250 405 கிராம். இவை எல்லாம் மலிவான வகை. அபர்ச்சர் சிறியது என்று கடைக்காரர் முகம் சுளிக்கலாம். வெட்டவெளியில் வெயில் அடிக்கும் பாறையை எடுக்க எஃப் 5.6 தாராளம்.

விலை உயர்ந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாத ஒன்று கானல். பதினொரு மணிக்கு மேல் பாறைகளிலிருந்து சூடு கிளம்பிவிட்டால் தூரத்து மதில் நீருக்கடியில் இருப்பது போல நெளியும். லென்ஸ் கூர்மையாக இல்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகும் முன், காலை ஏழு மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் வாரங்கள் இதற்கு நல்லவை. காற்று கழுவிவிட்டது போல இருக்கும். குளங்களில் தண்ணீரும் நிற்கும்.

நுழைவு நேரமே லென்ஸைத் தீர்மானிக்கும்

கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. காலை ஒன்பது மணி வாக்கில் திறந்து மாலை ஐந்துக்கு மூடிவிடுகிறார்கள். ராஜகிரி ஏறுகிறவர்களை பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் அனுப்புவதில்லை. அன்றைய நேரத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். முன் அனுமதி வாங்காமல் டிரைபாட் கொண்டுபோக முடியாது. ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம்.

புகைப்படக்காரருக்கு இதன் பொருள் தெளிவானது. சூரியன் எழும், விழும் நேரத்து நல்ல வெளிச்சம் முழுக்கக் கோட்டைக்கு வெளியில் இருப்பவர்களுக்குத்தான். அந்த நேரத்தில் டெலி லென்ஸ் கையில் இருக்க வேண்டும். ஊர் கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் ஊர்ப்பக்கத்து வயல்களில் நின்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து ராஜகிரியின் கிழக்கு முகத்தில் விழும். பாறையின் செம்பழுப்பு நிறம் அப்போதுதான் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும். கிடைப்பது கருநிழல் வடிவம். சென்சாரில் விழும் சூரிய பிம்பத்தின் அளவைத் தெரிந்துகொள்ள லென்ஸின் மில்லிமீட்டரை 109-ஆல் வகுத்தால் போதும். 150 மி.மீ. லென்ஸில் அது 1.4 மி.மீ., அதாவது படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. 12 மி.மீ. லென்ஸில் ஒரு புள்ளி.

உள்ளே போனபின் கிடைப்பது தலைக்கு மேல் அடிக்கும் வெயில். அதற்கு லென்ஸைவிட இரண்டு துணைப்பொருட்கள் முக்கியம். ஒன்று ஹூட். சின்ன கிட் லென்ஸ்கள் பலவற்றுக்கு ஹூட் கிடையாது; இடது உள்ளங்கையை லென்ஸுக்கு மேல் கூரை போலப் பிடித்தால் படம் வெளுக்காது. இன்னொன்று போலரைசர் ஃபில்டர். சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அது வானத்தை அதிகம் கருக்கும். சூரியன் உச்சியில் இருந்தால் அந்தத் திசை அடிவானத்தைச் சுற்றி வளையமாக அமைந்துவிடுகிறது. ஆகவே மற்ற இடங்களில் வீண் என்று ஒதுக்கும் நண்பகலில், சூரியன் நேர் உச்சிக்கு வரும் மாதங்களில், செஞ்சி உச்சியிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் போலரைசர் ஒரே சீராக வேலை செய்யும். பாறையின் மினுமினுப்பும் அடங்கும். ஒளியில் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை தின்றுவிடும் என்பதால் களஞ்சியத்துக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள். ஃபில்டர் அளவு ஒன்றாக இருக்கும் லென்ஸ்களாகப் பார்த்து வாங்குவது செலவைக் குறைக்கும். பானசோனிக் 20 மி.மீ., 35-100, ஒலிம்பஸ் 12 எஃப் 2, 17 எஃப் 1.8, 25 எஃப் 1.8 எல்லாமே 46 மி.மீ. ஃபில்டர் ஏற்கும்.

கல்யாண மகால் முற்றத்தில்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் நினைவில் வரும் படம் கல்யாண மகால். சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவே எட்டு நிலைக் கோபுரம், மேலே கூம்புக் கூரை. அகல லென்ஸ் வேண்டும் என்ற எண்ணம் பிறப்பது இங்கேதான். அந்த ஆசையையும் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

கோபுரத்தை ஏறத்தாழ 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கிறீர்கள். சுவர்கள் சாயாமல் நேராக விழ வேண்டுமானால் கேமரா மட்டமாக இருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் படத்தின் மேல்பாதி மட்டுமே கோபுரத்துக்கு. கீழ்ப்பாதி முழுக்கத் தரை. 12 மி.மீ. லென்ஸில் உச்சி வரை அடங்க சுமார் 33 மீட்டர் பின்னால் போக வேண்டும். 9 மி.மீ. லென்ஸில் 25 மீட்டர் போதும். முற்றத்துக்குள் இவ்வளவு பின்வாங்க இடம் கிடைப்பதில்லை. கேமராவை நிமிர்த்தினால் கோபுரம் பின்பக்கம் விழுவது போலச் சாயும். கம்ப்யூட்டரில் நேராக்கலாம், இரண்டு ஓரமும் வெட்டுப்படும், மேல் நிலைகளின் கூர்மையும் போகும்.

இதற்காக ஒலிம்பஸ் 9-18 லென்ஸை வாங்கலாமா? 155 கிராம்தான், மடக்கி வைக்கலாம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை நான் நான்காவது லென்ஸாகத்தான் வாங்கச் சொல்வேன். காரணம், கல்யாண மகாலை நேராக எடுக்க எளிதான வழி வேறு இருக்கிறது. ராஜகிரிப் பாதையில் கொஞ்சம் ஏறினால் கோபுரம் கண் மட்டத்துக்கு இறங்கி வந்துவிடும். கேமராவை மட்டமாகப் பிடித்து, 30 முதல் 60 மி.மீ.க்குள் எடுங்கள். சுவர்கள் தூக்குநூல் விட்டது போல நிற்கும். பின்னால் கோட்டையின் கீழ்ப்பகுதி விரியும். முற்றத்தில் நின்று எடுத்த படம் எல்லோரிடமும் இருக்கிறது. இதற்காக மூச்சு வாங்க ஏறியவர்கள் குறைவு.

அகல லென்ஸ் உண்மையில் வேண்டிய இடம் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. ராஜகிரியின் உச்சியை மலையிலிருந்து பிரிக்கும் பிளவு சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் மரப்பாலம். இந்தப் பாலத்தை நீக்கிவிட்டால் உச்சிக் கோட்டை தனித்தீவு. பிளவின் ஆழமும் பாலமும் எதிர்வாசலும் ஒரே படத்தில் வர 12 மி.மீ.யாவது தேவை. எஃப் 5.6 வைத்து, 1.7 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டருக்குள் இருக்கும் பலகையிலிருந்து தொலைதூர வயல் வரை தெளிவாக விழும். சின்னச் சென்சாரின் பெரிய வசதி இது. எஃப் 8-ஐத் தாண்டி மூடாதீர்கள். ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கும்.

இருட்டு

வெயிலிலிருந்து களஞ்சியத்துக்குள் கால் வைத்தால் சில நொடிகளுக்குக் கண்ணே தெரியாது. தடித்த சுவர், உயர்ந்த வளைவுக் கூரை, எங்கிருந்தோ வரும் ஒரு கீற்று வெளிச்சம். டிரைபாட் இல்லை. இங்கேதான் ஒளி நிறைய வாங்கும் பிரைம் லென்ஸ் தன் விலையைச் சம்பாதிக்கும். எஃப் 3.5 லென்ஸைவிட எஃப் 1.7 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400-ல் புள்ளி புள்ளியாக வரும் படம் 1600-ல் சுத்தமாக வரும். கல்சுவரின் சொரசொரப்பைக் காட்டுவதா, இரைச்சலைக் காட்டுவதா என்பது அந்த இரண்டு ஸ்டாப்பில் இருக்கிறது.

கேமரா உடலிலேயே நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதா என்று லென்ஸ் வாங்கும் முன் பாருங்கள். ஒலிம்பஸ் இ-எம்10 வரிசை, பானசோனிக் ஜிஎக்ஸ்85, ஃபியூஜி எக்ஸ்-எஸ்10, சோனி ஏ6700 ஆகியவற்றில் இருக்கிறது. சோனி ஏ6400, நிக்கான் இசட்50, ஃபியூஜி எக்ஸ்-டி30 ஆகியவற்றில் இல்லை. இல்லாத கேமராவில் சின்ன பிரைம் லென்ஸ்களுக்கும் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டபின் அழுத்திப் பழகிக்கொள்ள வேண்டும்.

எந்த பிரைம்? மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் நான் சொல்வது 17 எஃப் 1.8, 120 கிராம். பானசோனிக்கின் 20 எஃப் 1.7 இன்னும் மெல்லியது. இரண்டாம் பதிப்பு 87 கிராம். கற்களை எடுக்க அருமையான லென்ஸ். ஆனால் ஃபோகஸ் மெதுவாகத்தான் நகரும், இதைக் கூத்து பற்றிப் பேசும்போது மறுபடி சொல்கிறேன். ஃபியூஜியில் 27 எஃப் 2.8 கைக்கு அடக்கம், 35 எஃப் 2 ஒளிக்கு நல்லது. நிக்கானில் 24 எஃப் 1.7.

வேங்கடரமணர் கோயிலுக்கும் இதே பிரைம்தான் போகும். வாயிலின் உட்புறச் சுவர்களில் பாற்கடல் கடைந்த கதையும் ராமாயணக் காட்சிகளும் சிறுசிறு கட்டங்களாக இருக்கின்றன. நிழலில் இருப்பவை, செதுக்கல் ஆழம் குறைவு. எதிரே நின்று எடுத்தால் தட்டையாக விழும். ஓரமாக நின்று, வாசலிலிருந்து வரும் வெளிச்சம் சிற்பத்தின் மேல் வழுக்கிப் போகும் கோணத்தைப் பிடியுங்கள். இந்தக் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான். ஒரே லென்ஸால், ஒரே உயரத்தில், இரண்டு ஊரிலும் தூண்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு அந்த இணை படங்கள்மேல் தனிப் பிரியம் உண்டு.

தோளில் ஏறும் எடை

உற்பத்தியாளர் சொல்லும் எடைகளை வைத்து ஒரு கூட்டல். பானசோனிக் 12-32 கிட் லென்ஸ் 70 கிராம், 17 எஃப் 1.8 பிரைம் 120, 40-150 டெலி 190. மூன்றும் சேர்ந்து 380 கிராம். ஒலிம்பஸின் புகழ்பெற்ற 12-40 எஃப் 2.8 லென்ஸ் ஒன்று மட்டும் 382 கிராம். அது சிறந்த லென்ஸ், மழைத்தூறலைத் தாங்கும், கண்ணாடித் தரம் உயர்ந்தது. ஆனாலும் செஞ்சிக்கு நான் அந்த மூன்றைத்தான் எடுத்துப்போவேன். ஒற்றை ஜூம் 40-ல் நின்றுவிடும். மதில் தொடங்குவதே அதற்கப்புறம்தான். களஞ்சியத்தில் 2.8-ல் நின்றுவிடும்.

எடையைக் கடைக் கண்ணாடி மேசையில் வைத்து யோசிக்காதீர்கள். ராஜகிரிப் படிகளில், கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டியபின் யோசியுங்கள். படிகள் ஒரே உயரமாக இருக்காது. இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். அதுவே இரண்டு கிலோ. அதற்கு மேல் பைக்குள் இருக்கும் ஒவ்வொரு லென்ஸும் ஒரு கட்டத்தில் வெளியே வராமலே போய்விடும். பெரிய ஜூமோடு ஏறியவர்கள் பாதி வழியில் அதைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனில் எடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

குரங்குகள் பற்றி ஒரு வார்த்தை. கையில் தொங்கும் பாலித்தீன் பை எதுவானாலும் அவற்றுக்குச் சாப்பாடுதான். லென்ஸைத் துணிப்பையிலோ கவரிலோ வைக்காதீர்கள். ஜிப் போட்ட, உடம்போடு ஒட்டிய பை வேண்டும். உச்சியில் காற்று பலமாக வீசும். லென்ஸ் மாற்றும்போது காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கேமராவின் வாய் கீழே பார்க்க வைத்து மாற்றுங்கள். நான் ஏறும் முன் 12-32 மாட்டிவிடுவேன். உச்சியில் ஒருமுறை டெலிக்கு மாறுவேன். கீழே இறங்கியபின் பிரைம். நாள் முழுக்க இரண்டே மாற்றம்.

முழு நாள் இருக்கிறது என்றாலும் ஒரே நாளில் இரண்டு மலையும் ஏறாதீர்கள். இரண்டு காலை வைத்துக்கொள்ளுங்கள். முதல் காலை கிருஷ்ணகிரி. சாலைக்கு வடபக்கம், ஏற்றமும் குறைவு, கூட்டமும் குறைவு. அங்கிருந்து ராஜகிரியைப் பார்த்தால் காலை வெயில் அதன்மேல் இடப்பக்கமிருந்து விழுந்துகொண்டிருக்கும். அடுத்த காலை ராஜகிரி.

பழைய லென்ஸ், பூஞ்சை

சின்னக் கேமராவுக்கான லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கின்றன. புதியதைவிட விலை வெகுவாகக் குறையும். நம் ஊர் ஈரக்காற்றில் கவனிக்க வேண்டியது பூஞ்சை. முதன்முதலில் நான் வாங்கிய பழைய டெலி லென்ஸில் கண்ணாடிக்கு நடுவே சிலந்தி வலை போல ஒரு படலம் இருந்தது. கடை வெளிச்சத்தில் தெரியவில்லை. நிழலில் எடுத்த படங்கள் நன்றாகவே இருந்தன. செஞ்சியில் வெயிலுக்கு எதிரே பிடித்த அன்றுதான் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்தது. அந்த ஒரு நாளின் படங்கள் போய்விட்டன.

அதிலிருந்து ஒரு பழக்கம். வாங்கும் லென்ஸின் அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். தூசி புள்ளிகளாகத் தெரியும்; அதைப் பொருட்படுத்த வேண்டாம். கிளை விட்டுப் பரவும் இழைகள் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள். வாங்கியதை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டுவது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

வீட்டில் பிலிம் கேமரா காலத்து 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பழைய நிக்கான் லென்ஸ் பிலிமிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி நிற்க வேண்டியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அந்த இடைவெளி 19.25 மட்டும். நடுவில் மிச்சமிருக்கும் 27.25 மி.மீ.யை ஒரு வெற்று உலோகக் குழாய் நிரப்பிவிடும். அடாப்டர் என்பது அவ்வளவுதான். ஃபோகஸைக் கையால் திருக வேண்டும்; கேமரா மெனுவில் 50 என்று மில்லிமீட்டரைப் பதிந்தால்தான் ஸ்டெபிலைசேஷன் சரியாக வேலை செய்யும். வேங்கடரமணர் கோயில் சிற்பங்களுக்கு இதை விரும்பி எடுத்துப்போவேன். மலை ஏற்றத்துக்கு வேண்டாம், உலோகம் கனம்.

கோட்டை மூடியபின்

செஞ்சிக்கு வந்துவிட்டு ஐந்து மணிக்கே திரும்புகிறவர்கள் அந்த ஊரில் பாதியைப் பார்க்காமல் போகிறார்கள். பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் இருக்கும் திரௌபதி அம்மன் கோயிலைத்தான் திரௌபதி வழிபாட்டின் ஆதிக் கோயிலாகச் சொல்வார்கள். ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் அந்த வழிபாடு பற்றி எழுதி 1988-ல் வந்த முதல் தொகுதி செஞ்சியைத் தொடக்கமாக வைத்தே எழுதப்பட்டது. பங்குனியிலிருந்து ஆடி வரை சுற்றுவட்டார ஊர்களில் பாரதப் பிரசங்கமும் விடிய விடியக் கூத்தும் நடக்கும். அந்த இரவுகளில் பிரைம் லென்ஸ் ஒன்று போதும்.

இங்கே 20 எஃப் 1.7-ன் மெதுவான ஃபோகஸ் காலை வாரிவிடும். கிறுகி அடித்துச் சுழலும் துரியோதனனை அது துரத்தி முடிப்பதற்குள் அவர் திரைக்குப் பின்னால் போயிருப்பார். 25 எஃப் 1.8 அல்லது 25 எஃப் 1.7 நல்லது, 137, 125 கிராம். ஐஎஸ்ஓ 3200-ல் தொடங்குங்கள். இன்றைய மேடைகளில் எல்இடி விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, நொடியில் 50-ல் ஒரு பங்கோ 100-ல் ஒரு பங்கோ வையுங்கள். கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்பதால் வெளிச்ச அளவை முகத்தின் அரிதாரத்துக்கு வையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஃபிளாஷ் அடித்தபோது பின்பாட்டுக்காரப் பெரியவர் பாட்டை நிறுத்தாமலே சைகை காட்டினார். கூத்து முடிந்தபின் வந்து, “தம்பி, அடவு வைக்கிறப்போ கண்ணு கூசுனா கால் தவறிடும்பா” என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்தபின் படுகளம். தரையில் மண்ணால் செய்து கிடத்திய பிரமாண்டமான துரியோதனன், அதைச் சுற்றி வேஷக்காரர்கள் ஓட, தோளோடு தோள் உரசும் கூட்டம். பின்வாங்க ஓர் அடி இடம் கிடைக்காது. 12 மி.மீ.யை மாட்டுங்கள், 9 இருந்தால் இன்னும் நல்லது. தலைமாட்டில் நிற்காமல் கால்மாட்டுக்குப் போங்கள். அகல லென்ஸில் கிட்டத்தில் இருப்பது பெரிதாகும். தலைமாட்டில் நின்றால் முகம் மட்டும் ஊதித் தெரியும், உடல் சுருங்கிவிடும். கால்மாட்டிலிருந்து பார்த்தால் உடலின் நீளம் முழுக்க விழுந்து, முகத்தில் போய் முடியும். மாடி வைத்த வீடு பக்கத்தில் இருந்தால் வீட்டுக்காரரிடம் முதல் நாள் மாலையே கேட்டு வைத்துவிடுங்கள். காலையில் அங்கே இடம் இருக்காது.